மரம் சிவப்புதான்: அரூப நிலக்காட்சியைப் பார்த்துப் பழகுவதும் வரைந்து பழகுவதும்

31 ஆண்டுகள் நான்கு வண்ண ஆஃப்செட் அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்று நிறம் பார்த்தவன் நான். முகம் மஞ்சளித்துப்போனால் எந்தத் திருகைத் தொட வேண்டும், வானம் ஊதாவுக்குத் திரும்பினால் எதைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் யோசனை இல்லாமலேயே கைக்கு வரும். அந்தக் கைதான் ஒருநாள் என்னை மாட்டிவிட்டது.

ஓவியங்கள் அடங்கிய நாள்காட்டி ஒன்று அச்சுக்கு வந்திருந்தது. ஒரு பக்கத்தில் பெரிய நீல மலை. மலைக்கு ஒரு பக்கம் மஞ்சள் மரம், மறுபக்கம் சிவப்பு மரம், முன்னால் குதிரைகளில் சிலர். மரம் இப்படியா சிவக்கும்? மெஜந்தா என்ற செந்நிற மை கூடிவிட்டது என்று நானாகவே முடிவுகட்டி, மரம் விழும் பகுதிக்கு மை விடும் திருகுகளைச் சற்று இறுக்கினேன். மரம் துருவேறிய இரும்பின் நிறத்துக்கு இறங்கியது. இப்போதுதான் ஏதோ மரம் மாதிரி இருக்கிறது என்று ஒரு திருப்தி.

தாளைச் சரிபார்க்க வந்தவர் வயதான ஓவிய ஆசிரியர். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை.

“மலைக்கு என்ன ஆயிற்று தம்பி?”

“மலையை நான் தொடவே இல்லை ஐயா.”

ஒன்றும் சொல்லாமல் ப்ரூஃபை, அதாவது நிறம் ஒப்பிடும் மாதிரித் தாளை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் விரித்தார். தொட்டிருக்கிறேன். தாள் ஓடும் திசையில் ஒரே பட்டையில் விழுகிற எல்லாவற்றுக்கும் ஒரே திருகுதான் மை கொடுக்கிறது. மரத்தைச் சிவக்க வைக்கிற அதே மெஜந்தாதான் மலையின் நீலத்துக்கும் ஆழம் கொடுக்கிறது. அதைக் குறைத்ததும் மலையின் அந்த ஓரம் பலமுறை துவைத்துச் சாயம்போன துணியாகிவிட்டது. மலை அப்படி ஆனதும் மறுபக்கத்து மஞ்சள் மரம் காரணமே இல்லாமல் கூச்சலிட்டது. “மரம் சிவப்புதான். அப்படியே விட்டுவிடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படம் ரஷ்ய ஓவியர் வாஸிலி காண்டின்ஸ்கி 1908–09இல் வரைந்த ‘நீல மலை’. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு நானும் தூரிகை பிடிக்கத் தொடங்கினேன். அந்த ஓவியரின் 1908 முதல் 1910 வரையிலான நிலக்காட்சிகளைத்தான் எனக்குப் பாடமாக வைத்துக்கொண்டேன். காரணம் எளிது. பொருள் எதையும் காட்டாத முழு அரூப ஓவியத்தில் புதிதாக வருபவருக்குப் பிடிமானம் கிடையாது. இந்தப் படங்களில் மலை இன்னும் மலைதான், வீடு இன்னும் வீடுதான். நிறம் மட்டும் பொருளைவிட்டுப் பாதி வெளியே வந்து நிற்கிறது. உணர்ச்சி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, நீலம் என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று ஒரு பட்டியல் எங்கே பார்த்தாலும் கிடைக்கும். அதைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள். அன்று நான் மரத்தில் கைவைத்தபோது கெட்டது மலை. ஒரு நிறத்தின் குணத்தை அதன் அக்கம்பக்கம்தான் தீர்மானிக்கிறது. கீழே சொல்லப்போகும் பழக்கங்கள் எல்லாமே அந்த அக்கம்பக்கத்தைக் கவனிக்கும் பழக்கங்கள்தான்.

படம் பிறந்த ஊர்

முர்நாவ் ஜெர்மனியின் பவேரியாவில், மியூனிக்குக்குத் தெற்கே, ஆல்ப்ஸ் மலைகள் எழத் தொடங்கும் இடத்தில் ஓர் ஏரியை ஒட்டி இருக்கும் சிற்றூர். 1908இல் காண்டின்ஸ்கியும் அவருடைய துணைவியும் ஓவியருமான காப்ரியேலே மூன்டரும், யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் என்ற ஓவிய நண்பர்களும் அங்கே சென்று சேர்ந்து வரைந்தார்கள். மறு ஆண்டே மூன்டர் அந்த ஊரில் ஒரு வீடு வாங்கினார். ஊர்க்காரர்கள் அதை ‘ரஷ்யர் வீடு’ என்றார்கள்.

காண்டின்ஸ்கி சிறுவயதிலேயே ஓவியப் பள்ளிக்குப் போனவர் அல்லர். மாஸ்கோவில் சட்டமும் பொருளாதாரமும் படித்துவிட்டு, பல்கலைக்கழக வேலை கைக்கு வந்த நேரத்தில் அதை வேண்டாம் என்று சொல்லி, 1896இல் தம் 30ஆம் வயதில் மியூனிக்குக்கு வரைந்து பழகப் போனவர். அதற்குச் சற்று முன்பு மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல்போர் ஓவியம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அது வைக்கோல்போர் என்றே அவருக்குத் தெரியவில்லை. விவரப்பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பொருள் புரியாதது முதலில் அவருக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் படம் மனத்தை விட்டுப் போகவில்லை. தாமதமாகத் தொடங்கிய என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை ஒரு தைரியம்.

பார்க்கும் முன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம்மில் பெரும்பாலோர் இந்த ஓவியங்களைக் கைப்பேசித் திரையிலோ புத்தகத்திலோதான் பார்க்கப்போகிறோம். அச்சுக்காரனாகச் சொல்கிறேன், இரண்டும் பொய் சொல்லும். ஆழ்ந்த அல்ட்ராமரைன் நீலத்தை நான்கு வண்ண மையால் முழுதாகப் பிடிக்கவே முடியாது. சயான் என்ற நீல மையையும் மெஜந்தாவையும் எவ்வளவு ஏற்றினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அது கலங்கும். கொதிக்கும் ஆரஞ்சும் அப்படியே. திரையோ பின்னாலிருந்து ஒளி கொடுத்து எல்லா நிறத்தையும் கண்ணாடிபோல் மினுக்கிவிடும். ஒரே படத்தை இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். அருங்காட்சியகத்தின் சொந்த இணையப் பக்கம் அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.

பிறகு ஓவியத்தின் உண்மையான அளவைச் சுவரில் சாக்பீஸால் வரைந்துவிடுங்கள். நான் சொல்லும் பழக்கங்களிலேயே மிகச் சுலபமானது இது, பலன் அதிகம். ‘நீல மலை’ சுமார் 106 செ.மீ. உயரம், 97 செ.மீ. அகலம். சுவரில் அந்தக் கட்டத்தின் முன்னால் நின்றால், மலை உங்கள் மார்பளவுக்கு ஒரு சதுரமாக எதிரில் நிற்பது புரியும். 1909இல் வரைந்த ‘முர்நாவ் அருகே ரயில்’ வெறும் 36 x 49 செ.மீ. மடியில் வைத்துப் பார்க்கக்கூடிய படம். இரண்டும் திரையில் ஒரே அளவில்தான் தெரியும். மடியளவு நீலமும் மார்பளவு நீலமும் ஒன்றா?

முதல் மூன்று நிமிடம்

தலைப்பைப் படிக்காதீர்கள். கண்ணைப் பாதி மூடி, இமைகளின் வழியாகப் பாருங்கள். விவரங்கள் மங்கி, நான்கைந்து நிறத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். கண் முதலில் எங்கே போய் விழுந்தது, அடுத்து எங்கே இழுக்கப்பட்டது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நிறங்களின் பெயரை எழுதுங்கள். வெறும் ‘நீலம்’ என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். நம் மொழியில் நிறப் பெயருக்குப் பஞ்சமே இல்லை: மயில்கழுத்து, கருநீலம், கத்தரிப்பூ, அரக்கு, செந்தூரம், காவி, கிளிப்பச்சை, பாசிப்பச்சை. எந்தப் பெயர் பொருந்தும் என்று தேடும்போதே கண் கூர்மையாகும். ‘நீல மலை’யின் மலை முழுவதும் ஒரே நீலம் என்று நினைத்து எழுதத் தொடங்கியவன், இடத்துக்கு இடம் வேறு பெயர் தேட வேண்டியிருந்ததைக் கண்டு நின்றுவிட்டேன்.

உணர்ச்சியை எழுதும்போது மட்டும் இன்னொரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ‘சோகம்’, ‘அமைதி’, ‘உற்சாகம்’ என்ற பெயர்ச்சொற்கள் வேண்டாம். வினைச்சொல்லாக எழுதுங்கள். இந்த நீலம் ஒதுங்குகிறது. இந்தச் சிவப்பு நெருக்குகிறது. அந்த மஞ்சள் தளும்புகிறது. பெயர்ச்சொல் எழுதினால் முன்பே தெரிந்த பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். வினைச்சொல் எழுத வேண்டுமானால் திரும்பப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

விரலால் மறைத்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான பயிற்சி. ‘முர்நாவ் அருகே ரயில்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது. கரிய நிழலுருவாக ஒரு ரயில் நிலத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. வெண்புகை, தந்திக்கம்பங்கள். ஓரமாக ஒரு சிறு உருவம் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கைக்குட்டையைச் சுண்டுவிரல் நுனியால் மறையுங்கள். நான் முதல்முறை இதைச் செய்தபோது, ரயில் சட்டென்று கனத்துப்போனது. கைக்குட்டையின் வெள்ளை ஒரு துளிதான். ஆனால் அது மேலே புகையின் வெள்ளையைக் கூப்பிடுகிறது. கண் புகைக்கும் கைக்குட்டைக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பதால், நடுவில் இருக்கும் கருமை ஓடுகிறது. துளியை மறைத்ததும் போக்குவரத்து நின்றுவிடுகிறது. கருமை அப்படியே படுத்துவிடுகிறது. விரலை எடுத்தால் மீண்டும் ஓடுகிறது. பத்துமுறை மறைத்து மறைத்துப் பார்த்திருப்பேன். யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதையே ஒவ்வொரு நிறத்துக்கும் செய்யுங்கள். ‘நீல மலை’யில் மஞ்சள் மரத்தை உள்ளங்கையால் மறைத்தால் மலை என்ன ஆகிறது? சிவப்பு மரத்தை மறைத்தால்? எதை மறைக்கும்போது படத்தின் மூச்சு நிற்கிறதோ அந்த நிறம்தான் உணர்ச்சியைச் சுமக்கிறது. அது பெரும்பாலும் பரப்பில் சிறிய நிறமாக இருக்கும்.

அக்கம்பக்கத்தின் இந்த வேலையை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் என்பதில் எனக்கு ஒரு தொழில்முறைப் பெருமை. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ருல். கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குற்றம் சாயத்தில் இல்லை. பக்கத்தில் ஓடிய நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை மங்கவைத்திருந்தன. 1839இல் அவர் இதை நூலாகவே எழுதி வெளியிட்டார். வாடிக்கையாளர் குறை சொன்னால் முதலில் மையைத் திட்டுவதுதான் எங்கள் வழக்கம். பக்கத்து நிறத்தைப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

சோதனை வேண்டுமென்றால், ஒரே சாம்பல் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்கள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளிலும் இன்னொன்றைப் பச்சைத் தாளிலும் வையுங்கள். சிவப்பின்மேல் சாம்பல் லேசாகப் பச்சையடிக்கும். பச்சையின்மேல் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

மஞ்சள் வட்டம், நீல வட்டம்

காண்டின்ஸ்கி 1911இன் முடிவில் வெளியிட்ட நூலில் நிறங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். மஞ்சள் பார்ப்பவரை நோக்கி வருகிறது, நீலம் விலகிப்போகிறது என்பது அதில் அடிப்படை. சமமான இரண்டு வட்டங்கள் போட்டு ஒன்றில் மஞ்சளும் ஒன்றில் நீலமும் தீட்டினால், மஞ்சள் நடுவிலிருந்து வெளியே பரவுவதுபோலவும் நீலம் நத்தைபோல் உள்ளே சுருங்குவதுபோலவும் தோன்றும் என்கிறார். இசைக்கருவிகளோடும் ஒப்பிடுகிறார்: மஞ்சளுக்கு ஊதுகொம்பு, வெளிர்நீலத்துக்குப் புல்லாங்குழல், கருநீலத்துக்குச் செல்லோ. பச்சையை மட்டும் அசையாமல் படுத்து அசைபோடும் கொழுத்த மாட்டோடு ஒப்பிட்டுவிட்டார். பச்சையைப் பிடிக்காதவர்போல.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு வட்டச்சோடி, கறுப்புத் தாளில் ஒரு சோடி. வெள்ளைத் தாளில் மஞ்சள் அவர் சொன்ன அளவுக்கு முன்னே வருவதாக எனக்குத் தோன்றவில்லை, வெளிச்சத்தில் கரைந்துபோகிறது. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து அச்சடிக்கக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் மன்றாடிச் சொல்லியிருக்கிறேன். கறுப்பின்மேல் அதே மஞ்சள் பாய்ந்து வருகிறது. ‘நீல மலை’யில் மஞ்சள் மரம் பாய்வதற்கு மஞ்சள் மட்டும் காரணமில்லை. விலகிப்போகிற ஒரு பெரிய நீலத்தை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

சாய்த்து வையுங்கள், இருட்டவிடுங்கள்

1913இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் காண்டின்ஸ்கி ஒரு சம்பவம் சொல்கிறார். மியூனிக்கில் ஒருநாள் மாலை மங்கும் நேரத்தில் வெளியே வரைந்துவிட்டு வண்ணப்பெட்டியோடு தம் அறைக்குள் நுழைகிறார். உள்ளே, அடையாளமே தெரியாத, உள்ளிருந்து ஒளிர்கிற அற்புதமான ஒரு படம். பொருள் எதுவும் புரியவில்லை, நிறமும் வடிவமும் மட்டும். கிட்டே போய்ப் பார்த்தால் அவருடைய படம்தான், பக்கவாட்டில் திருப்பிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அந்த அனுபவத்தை மீட்கப் பார்த்தார், பாதிதான் முடிந்தது. படுக்கவைத்த நிலையிலும் பொருள்கள் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டன. அந்த மாலையின் மெல்லிய மினுக்கமும் இல்லை.

பலர் இதை ஞானம் பிறந்த கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் வெளிச்சம்தான் பெரிய விஷயம். அந்தி மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுபோகும், நீலமும் பச்சையும் ஒப்பீட்டளவில் வெளிச்சமாக நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்ன புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞரின் பெயரால் இந்த விளைவை அழைக்கிறார்கள். பகலில் அடங்கி உட்கார்ந்திருக்கும் நீலம் அந்தியில் ஆட்சிக்கு வந்துவிடும். மறுநாள் பகலில் அவர் தேடியது கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆகவே செய்ய வேண்டியது: படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரில் சாய்த்துவையுங்கள். திரை வேண்டாம், அது தானே ஒளிரும். விளக்கைப் போடாமல், மாலை வெளிச்சம் போகப்போக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். எந்த நிறம் முதலில் அணைகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யாராவது வந்து விளக்கைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கஷ்டம்.

இனி நீங்கள் வரையலாம்

பெரிய கேன்வாஸ் வேண்டாம். புத்தகக் கட்டுக்குப் பயன்படும் தடித்த அட்டை போதும், 20 x 30 செ.மீ. அளவில் மூன்று துண்டுகள். அக்ரிலிக் தீட்டினால் அட்டை வளைந்துகொள்ளும் என்பதால் முன்னும் பின்னும் ஒரு பூச்சு மெல்லிய பைண்டர் (நிறமில்லாப் பசை) கொடுத்துக் காயவிடுங்கள். அட்டையின் பழுப்பை வெள்ளையடித்து மறைக்காதீர்கள். முர்நாவில் அட்டையில் வரைந்த பல படங்களில் காண்டின்ஸ்கி தீற்றல்களுக்கு நடுவே அட்டையை ஆங்காங்கே தெரியவிட்டிருக்கிறார். சண்டைக்கார நிறங்கள் இரண்டுக்கு நடுவே அந்தப் பழுப்புச் சந்து ஒரு வாய்க்கால்வரப்பு மாதிரி. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் தத்தம் நிலத்தில் நிற்கும்.

வண்ணங்கள்: அல்ட்ராமரைன் நீலம், ஒரு வெம்மையான மஞ்சள், ஒரு கனமான சிவப்பு, விரிடியன் பச்சை, வெள்ளை. கறுப்பு வாங்கிக்கொள்ளுங்கள், மூடியைத் திறக்காதீர்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

நன்றாகத் தெரிந்த ஒரு காட்சியை எடுங்கள். தினமும் பார்க்கிற சாலை வளைவு, மாடியிலிருந்து தெரியும் கூரைகள், எதுவானாலும் சரி. பென்சிலால் ஐந்தாறு பெரிய வடிவங்களாக மட்டும் பிரியுங்கள். ஏழாவது வடிவம் வந்தால் இரண்டைச் சேர்த்துவிடுங்கள். அட்டையின் பின்புறம் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். நான் கடைசியாக வரைந்ததில் ‘காத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பின்னால் மழை வராத வானமும்.

அடுத்து, பெரிய பரப்புக்கு எந்த நிறம் என்று முடிவு செய்யுங்கள். உண்மையில் அது என்ன நிறம் என்பதை மறந்துவிடுங்கள். உங்கள் வினைச்சொல்லைச் செய்யக்கூடிய நிறம் எது? காத்திருக்க எனக்கு நீலம் ஒத்துவரவில்லை, அது விலகிப்போய்விடுகிறது. சிவப்பு பொறுமையற்றது. சிவப்பில் பச்சையைக் கொஞ்சம் கலந்து அடக்கிய ஓர் அரக்குதான் உட்கார்ந்து காத்திருந்தது. வானம் முழுவதும் அரக்கு தீட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

பெரிய நிறம் காய்வதற்குள் அதன் எதிரியை (சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு மாதிரி) ஒரு சிறு இடத்தில் வையுங்கள். அளவு பற்றி எனக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: அட்டையில் மூன்றில் இரண்டு பங்கு பெரிய நிறம், மீதியில் பெரும்பகுதி அதன் உறவுக்கார நிறங்கள், எதிரிக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம். எல்லோரும் செய்யும் தவறு எல்லா நிறத்துக்கும் சம இடம் கொடுப்பது. அப்போது எதுவும் எதையும் அசைக்காது, படம் நிற அட்டவணையாகிவிடும். என்னுடைய முதல் பதினைந்து இருபது அட்டைகள் அப்படித்தான் இருந்தன.

இரண்டாவது தவறு, ஈரத்தில் எல்லாவற்றையும் தடவித் தடவிக் கலப்பது. நீலமும் ஆரஞ்சும் அட்டையிலேயே கலந்தால் சேறு. தீற்றலைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் காய்ந்தபின் மேலே இன்னொரு தீற்றல்.

விளிம்புகளுக்கு வரும்போது மூன்டரைப் பாருங்கள். 1908–09இல் அவர் வரைந்த ‘யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ என்ற படத்தில் இரண்டு பேர் பச்சைச் சரிவில் கிடக்கிறார்கள், முகத்தில் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை. ஒவ்வொரு நிறத்தைச் சுற்றியும் தடித்த கருங்கோடு. முர்நாவ் பகுதியில் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரையும் நாட்டார் ஓவியம் வழக்கத்தில் இருந்தது. கடைசியாக வைக்க வேண்டிய கோட்டை அதில் முதலில் வைக்க வேண்டும். மூன்டர் அதை ஆர்வமாகக் கற்றுக்கொண்டார். (எல்லாவற்றையும் இடவலம் மாற்றி யோசிக்கும் அந்த வேலை, தாளுக்கு மை கடத்தும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டில் உருவத்தை இடவலம் மாறிப் பார்த்தே பழகிய எனக்கு மிகவும் பிடித்தது.) அவருடைய கருங்கோடு நிறத்துக்குக் கரை கட்டுகிறது, உணர்ச்சி உள்ளே தேங்கி நிற்கிறது. காண்டின்ஸ்கியிடம் கரை போகப்போக உடைகிறது. 1910இல் அவர் வரைந்த ‘தேவாலயத்துடன் முர்நாவ்’ படங்களுக்கு வரும்போது ஒரு வடிவத்தின் நிறம் அடுத்த வடிவத்துக்குள் கசிந்துபோகிறது. கோபுரம் எங்கே முடிந்து மலை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

மூன்று அட்டைகளில் ஒன்றை மூன்டர் மாதிரி கரை கட்டி முடியுங்கள். இதற்குத்தான் கறுப்பு. இரண்டாவதில் அதே நிறங்களைக் கரையில்லாமல் வழியவிடுங்கள். ஒரே வினைச்சொல்தான், ஒரே நிறங்கள்தான். என் தண்ணீர்த் தொட்டி கரைகட்டிய அட்டையில் பிடிவாதமாகக் காத்திருந்தது. கரையில்லாத அட்டையில் காத்திருந்து காத்திருந்து நம்பிக்கை போய்விட்டதுபோல் இருந்தது.

மூன்றாவது அட்டை கெடுப்பதற்கு. முதல் அட்டையைப் போலவே அப்படியே ஒன்று வரைந்து, காய்ந்ததும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் ‘சரி’ செய்யுங்கள். வானத்தை வானநிறமாக்குங்கள், அல்லது மரத்தைப் பச்சையாக்குங்கள், நான் அன்று செய்ததுபோல. மற்ற எதையும் தொடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் தொடாத இடங்களில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நான் எழுதிய பட்டியலில் முதல் வரி: தொட்டி சின்னதாகிவிட்டது. அளந்து பார்த்தேன், இரண்டு அட்டையிலும் ஏழு செ.மீ.தான்.